மேல்மடலுக்குள் நுழைந்த வழி: ஷிகேதோ இகேடாவின் பணிவாழ்வு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நேரான உலோகக் குழாய் ஒன்றை வாய் வழியாக விட்டு நுரையீரலுக்குள் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவரின் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையைத் தூக்கி, வாயும் மூச்சுக்குழலும் ஒரே கோட்டில் வரும்படி செய்தால் குழாய் இறங்கும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம் வரை பெரிய சிக்கல் இல்லை. வலது கிளை சற்று அகலம், சற்று நேர். அதனால் அந்தப் பக்கம் கீழ்மடலின், அதாவது நுரையீரலின் கீழ்ப்பகுதியின், வாசல்கள் வரைக்கும் போய்விடலாம். மேல்மடல்தான் வசப்படாது. அதன் வாசல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி, அப்புறம் மேல்நோக்கி ஏறுகிறது. சாய்கோண லென்ஸ் வைத்து வாசலில் நின்றபடி எட்டிப் பார்க்கலாம். உள்ளே நுழைய முடியாது. காசநோய் அதிகமாகத் தங்குவதும், நுரையீரல் புற்றுநோய்களில் பல தொடங்குவதும் அந்த மேல்மடலில்தான்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மருத்துவர்கள் இந்தக் குறையோடுதான் வேலை பார்த்தார்கள். அதை மாற்றியவர் ஜப்பானிய மருத்துவர் ஷிகேதோ இகேடா. மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவியான ப்ராங்கோஸ்கோப்பை வளையும்படி கொண்டுவந்தவர் என்று ஒரே வரியில் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த வரி போதவில்லை. கருவி கைக்கு வந்த பிறகு அவர் செலவிட்ட ஆண்டுகள், கருவியை வரவழைக்கச் செலவிட்ட ஆண்டுகளைவிடப் பல மடங்கு அதிகம். மார்பைத் திறக்காமல் கருவியை உள்ளே விட்டு நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் செய்யும், இன்று நுரையீரல் மருத்துவர்கள் ‘இன்டர்வென்ஷனல் பல்மனாலஜி’ என்று சொல்லும் துறை உருவானது அந்த ஆண்டுகளில்தான் என்பது என் கருத்து.

அவருக்கு முன்னால்

1897 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் குஸ்டாவ் கில்லியன், 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை ஒரு நேர்க்குழாய் வழியாக எடுத்தார். தொண்டையை மரத்துப்போகச் செய்யக் கொக்கெய்ன் கரைசல் தடவினார். உணவுக்குழாயைப் பார்ப்பதற்கென்று செய்த குழாயைத்தான் அவர் பயன்படுத்தினார். மார்பைத் திறக்காமல் மூச்சுக்குழாய்க்குள் கைவைக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கில்லியனிடம் கற்ற இனோ குபோ அந்த வித்தையை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் அதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார். அவர் மனிதர்களின் மூச்சுப்பாதையிலிருந்தும் உணவுப்பாதையிலிருந்தும் எடுத்துச் சேர்த்த ஊக்கு, ஆணி, நாணயம், பொம்மைத் துண்டு என 2,374 பொருள்கள் ஃபிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த நேர்க்குழாய் இன்னும் வழக்கொழியவில்லை. நம் ஊரில் வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ புரையேறி மூச்சுக்கிளையில் சிக்கிய குழந்தைக்கு இன்றும் பெரும்பாலும் ரிஜிட் ப்ராங்கோஸ்கோப்தான் விடுகிறார்கள். குழாய் வழியாகவே குழந்தைக்கு மூச்சும் கொடுக்கலாம், கடலையைப் பிடிக்கும் இடுக்கியும் விடலாம். ஆனால் அதற்கு முழு மயக்கம் வேண்டும், அறுவை அரங்கு வேண்டும், பின்னுக்குச் சாயும் கழுத்து வேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்து இறுகிப்போன எழுபது வயதுக்காரருக்கு, மேல்மடலில் ஒரு நிழல் தெரிகிறது, இருமலில் இரத்தம் வருகிறது என்றால் அந்தக் குழாய் அவ்வளவாக உதவாது.

நோயாளியாக இருந்த மருத்துவர்

இகேடா பிறந்தது 1925இல். அவர் வளர்ந்த ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணம் காசநோய். 1950 வரை அந்த நிலைதான். மருந்து வராத காலத்தில் படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, அதற்கும் மசியாவிட்டால் விலா எலும்புகளை வெட்டி நுரையீரலை அமுக்கும் அறுவை சிகிச்சை. சானடோரியம் என்றால் காசநோயாளிகளைத் தங்கவைத்த மருத்துவமனை; தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் நமக்கும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளம் வயதில் இகேடாவுக்கே காசநோய் வந்தது. அதிலிருந்து மீண்டு வந்து, கெயோ பல்கலைக்கழகத்தில் மார்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றார்.

1950களில் ஸ்ட்ரெப்டோமைசினும் மற்ற மருந்துகளும் வந்தபின் காசநோய் இறங்கத் தொடங்கியது. நுரையீரல் புற்றுநோய் ஏறத் தொடங்கியது. 1962இல் டோக்கியோவின் சுகிஜியில் தேசியப் புற்றுநோய் மையம் திறக்கப்பட்டதும் இகேடா அங்கே சேர்ந்தார். மார்பைத் திறந்து பழகிய கை அது. திறந்து பார்க்கும்போது பலருக்கு நோய் முற்றியிருப்பதையும் அந்தக் கைதான் உணர்ந்திருக்கும். அவர் போகப்போக கத்தியிலிருந்து விலகி, உடலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவியான எண்டோஸ்கோப்பின் பக்கம் வந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஈர்க்குக் கட்டு

வளையும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மெல்லிய கண்ணாடி இழை ஒன்றின் ஒரு முனையில் நுழைந்த ஒளி, உட்சுவரில் பட்டுப்பட்டுத் திரும்பி மறுமுனையில் வெளியே வரும். இழை வளைந்தாலும் ஒளி கூடவே வளைந்து வரும். ஓர் இழை ஒரு புள்ளியைத்தான் கொண்டுவரும். ஆயிரக்கணக்கான இழைகளை விளக்குமாற்று ஈர்க்குகள் மாதிரி கட்டாகச் சேர்த்தால் புள்ளிகள் சேர்ந்து படமாகும். ஒரு நிபந்தனை உண்டு. இந்த முனையில் எந்த ஈர்க்கு எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த முனையிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். வரிசை குலைந்தால் படம் குலைந்துவிடும். இரண்டு முனைகளை மட்டும் ஒட்டிவிட்டு நடுவில் இழைகளைத் தளர்வாக விட்டால்தான் கட்டு வளையும்.

இப்படி ஒரு கட்டின் வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபிலிருந்து அங்கே படிக்கப் போயிருந்த நரீந்தர் சிங் கபானியும். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவின் மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் இரைப்பைக்குள் பார்க்கும் இழைக் கருவியைச் செய்தார். 1957இல் அது வெளியே தெரியவந்தது. ஜப்பானோ ஏற்கெனவே இரைப்பைக்குள் விடும் குட்டிக் கேமராவை 1950இலேயே செய்திருந்த நாடு. லென்ஸ் செய்பவர்களும் மருத்துவர்களும் அங்கே நெருங்கிப் பழகியிருந்தார்கள்.

இரைப்பைக் கருவியையே நுரையீரலுக்குள் விட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இரைப்பை மூச்சு விடுவதில்லை, சிக்கல் அதுதான். வளர்ந்தவரின் மூச்சுக்குழலே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதற்குள் தடிமனான குழாயை நுழைத்தால், பார்ப்பதற்குள் நோயாளிக்கு மூச்சு முட்டிவிடும். குழாயைச் சுற்றிக் காற்று போய்வர இடம் வேண்டும். ஹிர்ஷோவிட்ஸின் கருவி பக்கவாட்டில் பார்க்கும். மூச்சுக்கிளைகளுக்கு முன்னால் பார்க்கும் கண் வேண்டும்.

இகேடா முதலில் செய்தது சிறிய வேலை. நேர்க்குழாயின் முனையில் எரிந்த பொடி பல்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வழியாக ஒளியை உள்ளே அனுப்பினார். அதில் கிடைத்த அனுபவத்தோடு 1964இல் மச்சிடா நிறுவனத்திடம் போய், முழுக்க இழையாலான, வளையக்கூடிய, ஆறு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒரு மூச்சுக்குழாய்க் கருவி வேண்டும் என்று கேட்டார். எனக்கு இதில் பிடித்தது அந்த மில்லிமீட்டர்க் கணக்கு. “இன்னும் நல்லதாக ஒன்று செய்து கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்கும் மருத்துவர்கள் எத்தனையோ பேர். எத்தனை தடிமன், எத்தனை நீளம், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அளந்து கேட்டால்தான் பட்டறையில் இருப்பவர் வேலையைத் தொடங்க முடியும்.

1966இல் முதல் மாதிரி வந்தது. ஏறத்தாழ 15,000 இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதே ஆண்டு கோபன்ஹேகனில் நடந்த மார்பு நோய்களுக்கான பன்னாட்டு மாநாட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். இருந்தாலும் மாநாட்டில் காட்டுவது வேறு, தினமும் புழங்குவது வேறு. மாதிரிகளைத் திருத்தித் திருத்தி, விற்பனைக்கு வர 1968 ஆனது. அதே ஆண்டு கெயோவின் மருத்துவ இதழில் இகேடாவும் உடன் பணியாற்றியவர்களும் அதை விவரித்து எழுதினார்கள். ஒலிம்பஸ் நிறுவனமும் தன் கருவியோடு களத்துக்கு வந்தது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மாற்றம் இன்னும் பெரியது. தொண்டையில் கசப்பான மருந்தை அடிக்கிறார்கள், நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கிறது, குழாய் குரல்நாணைத் தாண்டும்போது இருமல் வருகிறது. விழித்திருக்கும்போதே, அல்லது லேசான தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. மரப்பு விடும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அப்புறம் வீட்டுக்குப் போகலாம். கழுத்தைச் சாய்க்க முடியாதவருக்கும் செய்யலாம். ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் படுக்கையிலேயே செய்யலாம். குழாய் போடக் கடினமான தொண்டை உள்ளவர்களுக்கு இந்த இழைக் கருவியையே வழிகாட்டியாக வைத்து மூச்சுக்குழாய் பொருத்த மயக்க மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அது இகேடா தேடிப் போன பயன் அல்ல. ஆனாலும் எத்தனையோ உயிர் அதனால் பிழைத்திருக்கிறது.

பெயர் வைத்தல்

ஆய்வின் நடுப்புள்ளி என்று நான் நினைப்பது இதைத்தான். கருவி மெலிந்ததும் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அதுவரை யாரும் நுழையாத கிளைகளுக்குள் கண் போகிறது, அந்தக் கிளைகளுக்குப் பெயர் இல்லை. நுரையீரலின் குழாய்கள் மரம் போலக் கிளைத்து இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் போகின்றன. மடல், அதற்குள் கூறு என்ற அளவில் பெயர்கள் இருந்தன. கூறுகளுக்கு எண்ணும் இருந்தது. அதற்கப்பால் போகிறவர் “மேலே, பின்னால், இடதுபுறம் உள்ள சின்ன ஓட்டை” என்று எழுதினால் அடுத்தவர் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்.

இகேடா முறையாகப் பெயரிட்டார். கூறுக்கிளைக்கு பி1, பி2 என்ற எண். அதன் அடுத்த பிரிவுக்கு ஏ, பி, சி. அதற்கடுத்ததற்குச் சிறிய ரோமன் எண்கள். அதற்கும் அடுத்ததற்குக் கிரேக்க எழுத்துகள். அப்புறம் எக்ஸ், ஒய். வீட்டு முகவரி மாதிரி தெரு, குறுக்குத்தெரு, கதவு எண் என்று இறங்கிக்கொண்டே போகலாம்.

வெறும் அகராதி வேலை போலத் தோன்றும். ஒரு நோயாளியை நினைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும். சளியில் புற்றணுக்கள் இருக்கின்றன, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியென்றால் புற்று ஏதோ ஒரு கிளையின் சுவரில், கடுகளவில், இன்னும் நிழல் விழாத நிலையில் இருக்கிறது. அதைத் தேட ஒவ்வொரு கிளையாக, எதையும் விடாமல், ஒரே வரிசையில் போக வேண்டும். இன்ன கிளையில் பார்த்தேன், இன்ன கிளையில் பயாப்சி (சோதனைக்கான சிறு திசுத்துண்டு) எடுத்தேன் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் அறுவை மருத்துவர் எந்த மடலை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்வார். பெயர் தவறினால் கத்தி தவறும்.

இகேடா சொன்னதாக மாணவர்கள் நினைவுகூரும் வாசகம், ப்ராங்கோஸ்கோப் இருந்தால் நம்பிக்கை கூடுகிறது என்பது. நோயைச் சீக்கிரம் பார்த்துவிட முடியும் என்ற நம்பிக்கையைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கண்

இழைக் கருவியில் இன்னொரு குறை உண்டு. கண்வில்லையில் ஒருவர்தான் பார்க்க முடியும். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பார், மாணவர் பக்கத்தில் நிற்பார். அப்புறம் ஆசிரியர் நகர்ந்து கண்ணை வைக்கச் சொல்வதற்குள் நோயாளி இருமி, குழாய் நழுவி, படம் போயிருக்கும். பக்கத்தில் இணைக்கும் இரண்டாவது கண்வில்லை வந்தபோது ஒளி பாதியானது. இழை ஒன்று உடைந்தால் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும். பழைய கருவி என்றால் படமெங்கும் மிளகு தூவின மாதிரி இருக்கும்.

இகேடா 1970இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய மருத்துவ மையங்களில் நேரில் செய்துகாட்டினார். 1978இல் டோக்கியோவில் உலக ப்ராங்காலஜி (மூச்சுக்குழாய் மருத்துவம்) மாநாடு முதன்முதலாகக் கூடியது. அதற்கான உலகச் சங்கமும் அவருடைய முயற்சியில் பிறந்தது. பிறகு, ஏற்கெனவே வெற்றி பெற்ற தன் இழைக் கருவியையே மாற்றிவைக்கும் ஒன்றில் இறங்கினார். முனையில் இழைக்குப் பதிலாக ஒரு சின்னஞ்சிறு கேமரா சில்லு. பெண்டாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவான அந்த வீடியோ ப்ராங்கோஸ்கோப் 1987இல் வந்தது. படம் திரையில் விழுந்தது. மருத்துவர், மாணவர், ஊசியை நீட்டும் செவிலியர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். தான் புகழ்பெறக் காரணமான கருவியைத் தானே பழையதாக்கத் துணிவது எளிதல்ல. இவரிடம் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

கைநழுவியதும் மீண்டதும்

நேர்மையாக எழுதுவதென்றால் இழப்பையும் எழுத வேண்டும். வளையும் கருவி எளிதாக இருந்ததால் ஒரு தலைமுறை நுரையீரல் மருத்துவர்கள் நேர்க்குழாயைத் தொடாமலே பயிற்சியை முடித்தார்கள். வளையும் கருவிக்குள் இருக்கும் வழி இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள். சளியை உறிஞ்ச, சிறு பயாப்சி எடுக்க அது போதும். மூச்சுக்குழலையே அடைத்து வளர்ந்த கட்டியை அகற்றப் போதாது. நம் மூச்சுப்பாதையின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 150 மில்லி, ஒரு டம்ளர் அளவு. கட்டியைத் தொடும்போது இரத்தம் பீறிட்டால் இரத்த இழப்பால் நோயாளி சாக மாட்டார். அந்த ஒரு டம்ளர் நிரம்பி மூச்சடைத்துச் சாவார். அந்த நேரத்தில் பெரிய உறிஞ்சு குழாய் போகவும், கூடவே ஆக்சிஜன் போகவும் நேர்க்குழாய் வேண்டும்.

இதை வலியுறுத்தி நேர்க்குழாயை மீண்டும் கையில் எடுத்தவர் பிரான்சின் மார்செய் நகரில் பணியாற்றிய ஜான் ஃபிரான்சுவா துய்மோன். 1980களின் தொடக்கத்தில் நேர்க்குழாய் வழியாக லேசரை விட்டு மூச்சுக்குழாய்க் கட்டிகளைக் கருக்கி எடுத்தார். அதற்கு அவர் வகுத்த ஒழுங்குகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. லேசர்க் கதிர் குழாய்ச் சுவருக்கு இணையாகப் போக வேண்டும், சுவரை நோக்கிப் பாயக் கூடாது. சுவருக்கு அந்தப்புறம் பெரிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சுடும்போது ஆக்சிஜனை 40 சதவீதத்துக்கு மேல் விடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ளேயே தீப்பிடித்துவிடும். வெளியிலிருந்து அமுக்கப்பட்டுச் சுருங்கிய குழாய்களுக்கு, அவற்றைத் திறந்தே வைத்திருக்கும், வெளிச்சுவரில் சிறு குமிழ்கள் வைத்த சிலிகான் ஸ்டென்டைச் செய்து, 66 நோயாளிகளுக்கு 118 ஸ்டென்ட் வைத்த அனுபவத்தை 1990இல் வெளியிட்டார். குமிழ்கள் சுவரில் பதிந்து ஸ்டென்டை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூச்சு வாங்கி உட்கார்ந்தே தூங்கியவர் அன்றிரவே படுத்துத் தூங்குகிறார். புற்றுநோய் அப்படியேதான் இருக்கிறது. படுத்துத் தூங்குவது சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இகேடாவின் கருவியும் துய்மோனின் குழாயும் போட்டியாளர்கள் என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. இன்றைக்கு நேர்க்குழாயை இறக்கி, அதற்குள்ளேயே வளையும் கருவியை விட்டு வேலை செய்கிறார்கள். இரண்டையும் கற்றவர் கையில்தான் நோயாளி பத்திரமாக இருக்கிறார்.

சுவருக்கு அப்பால்

அடுத்த அடி மறுபடியும் ஜப்பானிலிருந்து வந்தது. வளையும் கருவியின் முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, குழாய்ச் சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் திரையில் பார்த்தபடியே ஊசியால் குத்தி எடுக்கும் முறையை சிபா பல்கலைக்கழகக் குழுவினர் ஒலிம்பஸுடன் சேர்ந்து உருவாக்கி, 2004 வாக்கில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதுவரை அந்தக் கணுக்களை எடுக்கப் பெரும்பாலும் கழுத்தடியில் கீறி உள்ளே போக வேண்டும். அதற்கும் வெகுநாள் முன்பே, 1970களின் இறுதியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோ பென் வாங் அல்ட்ராசவுண்ட் இல்லாமல், உடற்கூற்று அறிவை மட்டும் நம்பி, சுவர் வழியே ஊசி போடத் தொடங்கியிருந்தார்.

இந்த ஊசியை மேலைநாடுகளில் பெரும்பாலும் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவே பயன்படுத்துகிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ, வாரக்கணக்காகக் காய்ச்சல், எடை குறைகிறது, சளியில் கிருமி இல்லை, சிடி ஸ்கேனில் நெஞ்சின் நடுவே கணுக்கள் வீங்கியிருக்கின்றன என்று வரும் இளைஞருக்கு இதே ஊசி எடுத்துத் தருவது பல சமயம் காசநோயை. இகேடாவை இளம் வயதில் படுக்கையில் கிடத்திய நோயை, அவர் வழியில் வந்த கருவி இங்கே தேடிக்கொண்டிருக்கிறது.

இகேடா 2001இல் காலமானார். இன்றைய ப்ராங்கோஸ்கோப்புகள் பெரும்பாலானவற்றில் கண்ணாடி இழைப் படம் இல்லை. ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் கருவிகள்கூட வந்துவிட்டன. பிடிப்பு மட்டும் அப்படியே. கட்டைவிரலுக்கடியில் ஒரு நெம்புகோல், அழுத்தினால் முனை மேலே வளையும். பயிற்சிக்கு வரும் மாணவரிடம் முதல் நாளே சொல்வோம்: வலது கிளைக்குள் கொஞ்சம் இறங்கு, மணிக்கட்டை வலப்பக்கம் திருப்பு, இப்போது கட்டைவிரலை மெதுவாக அழுத்து. திரையின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்து, வாசல் நடுவுக்கு வந்து, அதற்குள் மூன்று துளைகள் விரியும். பி1, பி2, பி3. வலது மேல்மடல்.